இரண்டாவது பெயர்

எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறைக்கும் விலங்கியல் துறைக்கும் நடுவே ஒரு படிக்கட்டுதான். தேர்வு மேற்பார்வைக்காக ஒரு மதியம் விலங்கியல் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் மாணவிகள் வரைந்து ஒட்டிய படம் ஒன்று இருந்தது. வாலுள்ள இரண்டு சின்ன உயிர்கள் வயிற்றோடு வயிறு ஒட்டிக் கிடந்தன. கீழே ‘ஸ்பீமன் - மாங்கோல்ட் சோதனை, 1924’ என்று எழுதியிருந்தார்கள்.

“இந்த மாங்கோல்ட் யாருப்பா?” என்று பக்கத்திலிருந்த விலங்கியல் தோழியைக் கேட்டேன்.

“ஸ்பீமனோட ஸ்டூடண்ட். அவர் பேரும் சேர்ந்துதான் வரும்.”

“ஆணா, பொண்ணா?”

இருபது வருடமாக அந்தச் சோதனையைப் பாடம் நடத்துகிறவள் அவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெரியலையேப்பா” என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. நம் மொழியின் ‘அவர்’ அப்படி. மரியாதையும் கொடுக்கும், ஆளையும் மறைத்துவிடும். வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார் என்று ‘ஆர்’ விகுதியோடு வரும் சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால், இன்றும் அறிஞருக்கு அறிஞர் கணக்கு மாறுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் நான் மாங்கோல்டை ‘அவள்’ என்றே எழுதப் போகிறேன். மரியாதைக் குறைவால் அல்ல. அவள் பெண் என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக.

ஹில்டே ப்ரோஷோல்ட் 1898-இல் ஜெர்மனியின் கோத்தா நகரில் பிறந்தாள். அவள் பின்னாளில் படிக்கப்போன ஃப்ரைபர்க் பல்கலைக்கழகம் பாடன் மாநிலத்தில் இருந்தது. ஜெர்மானிய மாநிலங்களில் முதன்முதலாகப் பெண்களை முழு உரிமையுள்ள மாணவர்களாகச் சேர்த்தது பாடன்தான்; அதுவும் 1900-இல். வாசல் திறந்து இருபது வருடமே ஆகியிருந்த அந்த இடத்துக்கு 1920-இல் அவள் போய்ச் சேர்ந்தாள். ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஹான்ஸ் ஸ்பீமனின் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டதுதான் அவளைக் கருவியல் பக்கம் திருப்பியது.

ஸ்பீமன் அவளுக்கு முதலில் கொடுத்தது ஹைட்ரா. சட்டையைப் புரட்டுவதுபோல அந்தச் சிற்றுயிரை உள்வெளியாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் ட்ரெம்ப்ளி செய்து காட்டிய வேலை அது. அவளுக்குக் கைகூடவில்லை. அதன்பிறகே நியூட் என்னும் நீர்நில வாழ்வியின் கருக்கள் அவள் கைக்கு வந்தன.

சோதனையைச் சொல்வது எளிது. நியூட்டில் ஒரு வகையின் கரு வெளிர்நிறம், இன்னொரு வகையின் கரு கருநிறம். வெளிர்க்கருவின் குழிவிழும் இடத்து மேலுதட்டிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, கருநிறக் கருவின் மறுபக்கத்தில், வயிற்றுத் தோலாக ஆக வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். செய்வது அவ்வளவு எளிதல்ல. கருவின் அளவு கடுகை ஒத்தது. கருவிகள் கண்ணாடியில் இழுத்த ஊசியும் குழந்தை முடியில் செய்த சுருக்கும்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வராத காலம். பெரும்பாலான கருக்கள் செத்துப்போயின. நியூட் முட்டையிடுவதோ இளவேனிலில் மட்டும். 1921, 1922 என இரண்டு இளவேனில்கள் அவள் அந்தக் கருக்களோடு உட்கார்ந்திருந்தாள். பிழைத்துத் தெளிவாகப் பதில் சொன்னவை கைவிரல்விட்டு எண்ணக்கூடியவை.

அவை சொன்ன பதில் இது: துணுக்கு வைத்த இடத்தில் இரண்டாவதாக ஒரு நரம்புத்தண்டு எழுந்தது. அதைச் சுற்றி இன்னொரு உடலே உருவானது. நிறத்தைப் பார்த்தால், அந்தப் புதிய நரம்புத்தண்டு பெரும்பாலும் கருநிறச் செல்களால் ஆனது. வந்து சேர்ந்த வெளிர்த்துணுக்கு தானே மூளையாக மாறவில்லை. தோலாகப் போக வேண்டிய அண்டைவீட்டுச் செல்களை நரம்பாக்கிவிட்டிருந்தது. ஸ்பீமன் அந்தத் துணுக்குக்கு ‘அமைப்பான்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். நமக்குள்ளும் இதே கதைதான். கருவில் ஒரு தகடு நரம்பாக முடிவு செய்யப்பட்டு, மடிந்து, குழலாகிறது. அந்தக் குழலின் சுவரில் நிற்பவைதாம் நரம்புக் குருத்தணுக்கள், ஸ்டெம்செல்கள். அவை பிரிந்து பிரிந்துதான் மூளையும் தண்டுவடமும் ஆகின்றன. இதை இன்று ஆராய்கிற எவரும் அந்த இரண்டு இளவேனில்களைக் கடந்துதான் வர வேண்டும்.

1921-இல் அவள் ஸ்பீமனின் உதவியாளர் ஓட்டோ மாங்கோல்டை மணந்தாள். ஓட்டோவும் கருவியலாளர். உலகம் அவளை அறிவது கணவரின் குடும்பப் பெயரால்தான். ‘மாங்கோல்ட்’ என்றால் அது ஓட்டோதான் என்று நினைத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. 1923-இல் முனைவர் பட்டம். ஆய்வேட்டைக் கட்டுரையாக அச்சிட்டபோது ஸ்பீமன் தன் பெயரையும் சேர்த்தார், முதல் பெயராக. அவள் மறுப்புச் சொன்னாள், அது எடுபடவில்லை.

1924 செப்டம்பர். கணவரோடும் கைக்குழந்தையோடும் பெர்லினுக்குக் குடிபோயிருந்த அவள், வெப்பமூட்டும் அடுப்பு வெடித்துத் தீக்காயத்தால் இறந்தாள். வயது 25. கட்டுரை அச்சில் வந்து பேர் வாங்கியதை அவள் பார்க்கவில்லை. ‘அடுப்பு வெடித்து இளம்பெண் சாவு’ என்ற வாக்கியத்தைச் செய்தித்தாளில் படித்தே வளர்ந்தவள் நான்; இதைப் படித்ததும் நெஞ்சு திக்கென்றது. ஆனால் இது விபத்து. நம் ஊர்ச் சந்தேகத்தை ஹில்டேயின் வீட்டில் கொண்டுபோய் வைக்க எனக்கு உரிமையில்லை. 1935-இல் ‘அமைப்பான்’ கண்டுபிடிப்புக்காக ஸ்பீமன் நோபல் பரிசு பெற்றார், தனியாக.

இதைத் திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமா? முடியாது. கேள்வி ஸ்பீமனுடையது. கருவிகளும் நுட்பமும் பல ஆண்டுகளாக அவர் வளர்த்தவை. அவள் பெயரைத் தாளிலிருந்து அவர் நீக்கவும் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1909-இலேயே அமெரிக்காவில் எதெல் ப்ரௌன் என்ற இளம் ஆய்வாளர் ஹைட்ராவின் வாய்ப்பகுதித் துணுக்கை வேறொரு ஹைட்ராவில் ஒட்டி, புதிய உடல் எழுவதைக் காட்டியிருந்தாள். பச்சை ஹைட்ராவையும் வெள்ளை ஹைட்ராவையும் வைத்து, எழுந்த உடல் ஏற்றுக்கொண்டவளின் திசுவே என்றும் நிறுவியிருந்தாள். பாடப்புத்தகத்தில் எதெலுக்கு இரண்டாவது பெயர்கூட இல்லை.

ஹில்டே நமக்கு மிஞ்சியதற்கு ஒரு காரணம் விக்டர் ஹாம்பர்கர். ஃப்ரைபர்க்கில் அவளோடு ஒரே ஆய்வகத்தில் படித்தவர். யூதர் என்பதால் 1933-இல் அங்கே வேலையை இழந்து அமெரிக்காவில் தங்கிப்போனவர். அவள் இறந்து அறுபது ஆண்டுகள் கழித்து, 1984-இல், அவளைக் கூட்டுக் கண்டுபிடிப்பாளர் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் நீண்ட ஆயுளோடும் நேர்மையோடும் இருந்ததால் ஒரு பெண்ணின் வரலாறு தப்பியது. அப்படிப் பக்கத்து மேசை வாய்க்காதவர்கள் எத்தனை பேரோ.

அமைப்பான் செல்களுக்கு அப்படி என்னதான் சொல்கிறது? விடை 1990களில் வந்தது. 1992-இல் நாகின், 1994-இல் கார்டின் என்று அமைப்பான் சுரக்கும் புரதங்கள் கண்டறியப்பட்டன. ‘நரம்பாகு’ என்று கட்டளையிடுவது அவற்றின் முதன்மை வேலை அல்ல. அந்தச் செல்களை ‘தோலாகவே இரு’ என்று பிடித்து வைத்திருக்கும் பிஎம்பி என்ற புரதத்தைத் தடுப்பதுதான். நரம்பாகும் திறன் அந்தச் செல்லுக்குள் முன்பே இருந்தது. முழுக்கதையில் வேறு சைகைகளும் உண்டு. ஆனால் மையம் இது.

உயிரியலிலிருந்து உவமை எடுத்துப் பெண்ணை அடுப்படியில் உட்கார வைத்தவர்கள் ஏராளம். அதனால் இந்த உவமையை நான் எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். அது என்னை விடவுமில்லை.

ஆய்வு மாணவியாக நான் ஊர் ஊராகப் போய்த் தாலாட்டுகளைத் திரட்டினேன். அதிலிருந்து எழுதிய முதல் கட்டுரை அச்சாகி வந்தபோது என் பெயர் இரண்டாவதாக இருந்தது. பாடியவர்களின் பெயர்கள் அதில் இல்லவே இல்லை. முதலாவதற்கு அழுதேன். இரண்டாவது எனக்கு அன்று உறைக்கவே இல்லை. பிறகு நானே நெறியாளரானேன். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை தேவைப்பட்ட ஒரு வருடம், மாணவி ஒருத்தி கொண்டுவந்த கட்டுரையில் என் பெயர் முதலில் இருந்தது. “நீங்கதானேம்மா கைடு, அதான் வழக்கம்” என்றாள். நான் மறுக்கவில்லை. என் பங்கு எழுத்துப்பிழை திருத்தியதும் இரண்டு நூல்களைச் சொன்னதும்தான்.

ஹில்டேயைப் படித்த வாரம் அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது வேறொரு ஊரில் ஆசிரியை. அந்தக் கட்டுரையை அவள் தன் நூலில் சேர்க்கும்போது என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா” என்றாள். சொல்லியிருக்கலாம்.

விலங்கியல் ஆய்வகத்துப் படத்தில் இப்போது மாணவிகள் திருத்தி எழுதியிருக்கிறார்கள்: ‘ஹில்டே மாங்கோல்ட், ஹான்ஸ் ஸ்பீமன்’.