மைல்கல்லும் ஜன்னலும்: காசநோய் ஆய்வு வரலாற்றை வாசித்தல்

ஆராய்ச்சி நிறுவனங்கள் தம் வரலாற்றை மைல்கற்களாகத்தான் சொல்கின்றன. ஆண்டு, கண்டுபிடிப்பு, இன்னொரு ஆண்டு, இன்னொரு கண்டுபிடிப்பு. மைல்கல்லை நடுகிறவன் சாலை போட்டவன். அந்தச் சாலையில் கால் வலிக்க நடந்தவன் பெயர் கல்லில் இருக்காது. இப்போது இந்தச் சொல்லாடலோடு இன்னொரு அத்தியாயமும் சேர்ந்துகொண்டிருக்கிறது: கூரைமேல் சூரியத் தகடு, எல்.இ.டி. விளக்கு, மழைநீர்த் தொட்டி, காகிதச் சிக்கனம். பணியிடத்தின் 'நீடித்த தன்மை' என்கிறார்கள். நல்லதுதான், யார் வேண்டாமென்பார்கள்? ஆனால் இந்த இரண்டு அத்தியாயங்களையும் ஒரே பிரதியாக வாசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சென்னைக் காசநோய் ஆய்வு மையம் அதற்கு வசதியான உதாரணம்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து இந்த மையத்தைத் தொடங்கின. ஐந்தாண்டுத் திட்டம் என்றுதான் ஆரம்பம். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கியதை நினைத்துக்கொள்ளுங்கள், ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, செவிலியர் கவனிப்பு. நோயாளிகளோ பல லட்சம், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். மீதிப் பேர் வரிசையில் நின்றே செத்தார்கள்.

மையம் கேட்ட கேள்வி எளிமையானது. ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளை ஓராண்டு கொடுத்தால் குடிசையில் கிடக்கிற நோயாளி பிழைப்பானா? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. வீட்டிலிருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், உழைத்தார்கள். 1959இல் வெளிவந்த முடிவு, இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறியதாகச் சொன்னது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றிவிடவில்லை. தொற்ற வேண்டியது சிகிச்சைக்கு முன்பே தொற்றியிருந்தது. 1962இன் தேசியக் காசநோய்த் திட்டம் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தது. உலகெங்கும் சானடோரியங்களின் கதை முடியத் தொடங்கியது.

என் பார்வையில், இந்த நிறுவனம் செய்த பெரிய 'நீடித்த' காரியம் இதுதான். கட்டடம், படுக்கை, சமையற்கட்டு, சலவை எல்லாம் சிகிச்சைக்கு இன்றியமையாதவை அல்ல என்று நிரூபித்தது. மின்விளக்கை மாற்றுவதைவிட எத்தனையோ மடங்கு பெரிய சிக்கனம் அது. ஆனால் சிக்கனம் என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். மிச்சமான செலவு யார் தலையில் விடிந்தது?

மருத்துவமனையின் பார்வை உடலை எப்படி வடிவமைத்தது என்று ஃபூக்கோ 1963இல் எழுதினார். சென்னையில் நடந்தது அந்தப் பார்வை வீட்டுக்குள் நுழைந்த கதை. பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1960களின் தொடக்கத்தில், வாரம் இருமுறை பணியாளர் கண்ணெதிரே மருந்து தருகிற சோதனையும் இங்கே நடந்தது. பின்னாளில் 'டாட்ஸ்' என்று உலகம் சுற்றி வந்து, 1997இல் இந்தியத் தேசியத் திட்டமாக நம்மிடமே திரும்பியதன் வேர்களில் ஒன்று இது. சானடோரியத்தில் செவிலி செய்த வேலையை வீட்டில் மனைவியோ மகளோ செய்தாள். அவளுக்குச் சம்பளமும் கிடையாது, மைல்கல்லும் கிடையாது.

சோறு விஷயம் இன்னும் சிக்கலானது. குறைந்த உணவிலும் மருந்து வேலை செய்தது என்பது சரியான முடிவு. ஆனால், சாப்பாடு முக்கியமில்லை என்று அதை வாசித்துக்கொள்வது அரசுகளுக்கு வசதியாக இருந்தது. மருந்து மாத்திரையாக வரும், கணக்கில் அடங்கும், அரிசி அப்படியா? 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில் இந்தச் சென்னை நிறுவனமும் பங்குகொண்டது. நோயாளி வீட்டில் உள்ளவர்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023இல் முடிவு வந்தது. பழைய ஆய்வு பொய்யாகிவிடவில்லை. அது கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்க அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று, அவ்வளவுதான்.

1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. சோதனையையும் மறக்கக் கூடாது. லட்சக்கணக்கான மக்கள் பங்கேற்ற அதன் முடிவு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது. 'இல்லை' என்று சொல்கிற கல்லும் மைல்கல்தானே?

இனி பணியிடம். அந்தக் காலத்து ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகளைக் கொதிக்க வைத்துக் கழுவித் திரும்பப் பயன்படுத்தினார்கள். இன்றைய மரபணுச் சோதனைக்கு ஒரு சளி மாதிரிக்கு ஒரு பிளாஸ்டிக் பேழை, ஒருமுறையோடு சரி. கிருமி வளர்க்கும் உயர்பாதுகாப்பு ஆய்வகத்தில் காற்றை உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 'பிளாஸ்டிக்கைக் குறை, கரண்டை மிச்சம் பிடி' என்று சுவரில் எழுதி ஒட்டுவது சுலபம். குப்பியைக் கழுவியவரின் நுரையீரலையும் கணக்கில் சேர்க்காத பசுமை என்ன பசுமை? பிளாஸ்டிக் பேழை அவரைக் காப்பாற்றவும் செய்கிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு கணக்கும் ஒத்துப்போகிற இடமும் உண்டு. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்த அறைகளில் மணிக்கு சராசரி 28 முறை காற்று மாறியதாக அளந்தது. இயந்திரக் காற்றோட்ட அறைகளுக்கு எடுத்துக்கொண்ட அளவு 12. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட 1950க்கு முந்தைய கட்டடங்களே சிறந்து நின்றன. மின்செலவு இல்லை, தொற்றும் குறைவு. சானடோரியத்தைக் கைவிட்டபோது அதன் ஜன்னலையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோமோ என்று கேட்கத் தோன்றுகிறது.

கட்டடம் இல்லாமல் முடியும் என்று காட்டிய நிறுவனம் அது. சோறும் காற்றும் இல்லாமல் முடியாது என்பது அந்த வரலாற்றின் மறுபாதி. இரண்டையும் சேர்த்து எழுதுகிற கையேடு எதுவோ அதை நான் வரலாறு என்பேன்.