இரண்டு குன்றுகள்: ஏற்காடும் இராய்சினாவும்

குடியரசுத் தலைவர் தேர்தலில் ஏற்காடு சட்டமன்ற உறுப்பினர் இடுகின்ற ஒரு வாக்கின் மதிப்பு 176. இக்கணக்கின் முறை எளிது. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. அதனை 234 உறுப்பினர்களுக்குப் பகிர்ந்து, ஆயிரத்தால் வகுத்தால் 176 கிடைக்கும். ஒடிசாவின் சட்டமன்ற உறுப்பினருக்கு இம்மதிப்பு 149. மேகாலய உறுப்பினருக்கு வெறும் 17. காரோ மலையிலிருந்து பத்து உறுப்பினர்கள் சேர்ந்து வந்தாலும் சேர்வராயன் மலையின் ஒருவருக்கு ஈடாக மாட்டார்கள். நாட்டின் முதல் குடிமகனைத் தேர்வு செய்கின்ற இடத்தில் நம் மலைத் தொகுதி இத்துணைக் கனமானது. ஆயினும் அம்மலையின் மக்களுள் ஒருவர் தில்லி சென்று அமர்வதற்கு உரிய பாதை எது என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. இந்த முரணைப் புரிந்துகொள்வதற்காகவே, இரு பழங்குடித் தலைவர்களின் அரசியல் வரலாற்றை மாரமங்கலம் போன்றதொரு மலையூரின் திண்ணையிலிருந்து வாசிக்க முயல்கிறோம்.

மாரமங்கலம் ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. இங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டவுடன் கேரளத்தை நினைப்போர் இன்றும் உண்டு. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இங்குப் பொருள். பேசும் மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பியர் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் தோற்றக் கதை. 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதன் பின்னர் தோட்டங்கள் பெருகின. சாமையும் தினையும் விளைந்த நிலத்தின் ஒரு பகுதி கைமாறியது. ஏற்காட்டின் வரலாறு என்று அச்சில் நாம் படிப்பவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலேயரின் பங்களாக்களையும் தோட்டங்களையும் பற்றியவை. மண்ணுக்குரியவர்கள் அவற்றில் ஓரத்தில் நிற்கிறார்கள்.

ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. 234 தொகுதிகளுள் இத்தகையவை இன்று இரண்டே. மற்றொன்று வல்வில் ஓரியின் கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம். 2008ஆம் ஆண்டின் மறுவரையறைக்கு முன்னர்த் திருச்சி மாவட்டத்து உப்பிலியபுரமும் இருந்தது. நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டுக்குள்ள 39 இடங்களில் பழங்குடியினருக்கென ஒன்றுகூட இல்லை. இதிலும் சதி ஏதுமில்லை, கணக்குத்தான். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் பழங்குடியினர் 6,51,321 பேர். அதாவது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவு. அந்த விகிதத்தை 234 இடங்களுக்குப் பொருத்தினால் இரண்டரைக்குச் சற்றுக் குறைவாக வரும்; 39 இடங்களுக்குப் பொருத்தினால் அரைக்கும் குறைவு. அரைக்குக் குறைந்த பின்னம் சுழியாகிவிடுகிறது. ஆறரை இலட்சம் மக்கள் இவ்வாறு ஒரு பின்னத்தில் கரைந்துபோனார்கள்.

ஏற்காடு இன்று கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியின் ஒரு பகுதி. அது பொதுத் தொகுதி. பழங்குடியினர் ஒருவர் அங்குப் போட்டியிடுவதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் அவரைக் கட்சி நிறுத்த வேண்டும், ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் சமவெளி வாக்காளர்கள் ஏற்க வேண்டும். சட்டமன்றத் தொகுதியின் நிலையும் கருதத்தக்கது. பெயர் ஏற்காடு என்றிருப்பினும் வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் முதலான சமவெளிப் பகுதிகள் அதில் அடங்கும். சட்டமன்ற உறுப்பினர் செ. பெருமாள் 2013 ஜூலையில் மறைந்தபின் டிசம்பர் 4இல் நடந்த இடைத்தேர்தலில், அ.தி.மு.க. வேட்பாளரான அவருடைய துணைவியார் சரோஜா 1,42,771 வாக்குகளும், தி.மு.க.வின் மாறன் 64,655 வாக்குகளும் பெற்றனர். இருவரும் பெற்றதைக் கூட்டினாலே இரண்டு இலட்சத்தைத் தாண்டுகிறது. ஏற்காடு வட்டத்தின் மொத்த மக்கள்தொகையோ, குழந்தைகளைச் சேர்த்தும், ஐம்பதாயிரத்தை எட்டாதது. வேட்பாளர் மலையின் மகளாக இருக்கலாம். வெற்றியைத் தீர்மானிப்பது அடிவாரம்.

இனி முதலாமவரைக் காண்போம். பூர்ணோ அகிடோக் சங்மா 1947 செப்டம்பர் 1இல் காரோ மலையின் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இளமையில் தந்தையை இழந்து, கிறித்துவத் துறவியரின் உதவியால் படித்து, விரிவுரையாளராகவும் வழக்குரைஞராகவும் பணியாற்றினார். 1977இல் துரா தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1988 முதல் 1990 வரை மேகாலய முதலமைச்சர். 1996இல் மக்களவைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த இருக்கையில் அமர்ந்த முதல் பழங்குடியினர் அவரே. அவருடைய சிரித்த முகத்தையும், அவையைக் கட்டி மேய்த்த பாங்கையும் தொலைக்காட்சியில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008இல் மாநில அரசியலுக்குத் திரும்பியவர், 2012இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார்.

அவர் பெயரை முதலில் முன்மொழிந்தவர்களுள் ஒருவர் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா. மற்றவர் ஒடிசாவின் நவீன் பட்நாயக். பழங்குடியினர் ஒருவர் அப்பதவிக்கு வர வேண்டும் என்பதே வாதம். சங்மாவின் சொந்தக் கட்சியான தேசியவாத காங்கிரஸ் அவரை ஆதரிக்கவில்லை. அவர் கட்சியை விட்டு விலகிப் போட்டியிட்டார். பிரணாப் முகர்ஜி 7,13,763 மதிப்பு பெற்று வென்றார். சங்மா பெற்றது 3,15,987. காரோ மலையின் மகனுக்கு அவர் மாநிலத்து வாக்குகள் பதினேழு பதினேழாகவே சேரும். தமிழ்நாட்டிலிருந்து அவை நூற்றெழுபத்தாறு நூற்றெழுபத்தாறாகச் சேர்ந்தன. தோல்வி உறுதி என்று அறிந்தே நடந்த போட்டி அது. எனினும் கேள்வி நாட்டின் முன் வைக்கப்பட்டுவிட்டது. சங்மா 2016 மார்ச் 4இல் மறைந்தார்.

விடை பத்தாண்டுகள் கழித்து ஒடிசாவிலிருந்து வந்தது. திரௌபதி முர்மு 1958 ஜூன் 20இல் மயூர்பஞ்ச் மாவட்டத்து உபர்பேடா என்னும் சந்தால் சிற்றூரில் பிறந்தவர். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், பின்பு பள்ளி ஆசிரியை. 1997இல் ராய்ரங்பூர் நகரப் பஞ்சாயத்து உறுப்பினர். 2000இல் அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகி, வணிகம், போக்குவரத்து, மீன்வளம், கால்நடை ஆகிய துறைகளுக்கு அமைச்சராகவும் இருந்தார். 2004இல் மீண்டும் வென்றார். 2009இல் மயூர்பஞ்ச் மக்களவைத் தொகுதியில் நின்றார். பாரதிய ஜனதாவுக்கும் பிஜு ஜனதா தளத்துக்கும் இருந்த கூட்டணி அத்தேர்தலில் முறிந்திருந்தது, தோற்றார். அதையடுத்த சில ஆண்டுகளில் இரண்டு மகன்களையும் கணவரையும் இழந்தார். ஒரு வாழ்க்கை முடங்கிப்போவதற்கு இவை போதும். அவர் முடங்கவில்லை.

2015இல் சார்க்கண்டின் ஆளுநரானார். அங்கு நிகழ்ந்த ஒன்றை நாம் இவ்வரலாற்றின் மையமாகக் கொள்கிறோம். பழங்குடியினரின் நிலம் பிறர் கைக்குப் போகாமல் காக்கும் சட்டங்கள் அம்மாநிலத்தில் இரண்டு: 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் சந்தால் பர்கனா குத்தகைச் சட்டமும். அவற்றைத் திருத்தும் மசோதாக்கள் 2016இல் சட்டமன்றத்தில் நிறைவேறின. பழங்குடி மக்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆட்சியிலிருந்தது முர்மு வளர்ந்த அதே கட்சி. 2017இல் அவர் அம்மசோதாக்களுக்கு ஒப்புதல் தராமல் திருப்பியனுப்பினார். அரசு அவற்றைக் கைவிட்டது. சமூகத்தின் ஒருவர் உயர்பதவியில் அமர்வதால் என்ன பயன் என்று கேட்போருக்கு நாம் சுட்டத்தக்க சான்று இது.

2022 ஜூலை 18இல் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் முர்மு 6,76,803 மதிப்பு பெற்றார். யஷ்வந்த் சின்கா பெற்றது 3,80,177. ஜூலை 25இல் பதவியேற்றார். மக்களவைக்கு அனுப்ப மயூர்பஞ்ச் மறுத்த ஒருவரை நாடு இராய்சினா குன்றுக்கு அனுப்பியது. அவ்வாண்டில் ஏற்காட்டின் உறுப்பினராக இருந்தவரும் ஒரு பெண். 2016இலும் 2021இலும் வென்ற கு. சித்ரா. அவருடைய கட்சியான அ.தி.மு.க. முர்முவை ஆதரித்தது. வாக்கு மறைவானது, எனவே யார் யாருக்கு இட்டனர் என்பது ஆய்வுக்குரியதன்று. மலைத் தொகுதியின் 176 அந்தத் தேர்தலிலும் எண்ணப்பட்டது என்பது போதும்.

இவ்விருவர் ஏறிய ஏணியை உற்று நோக்க வேண்டும். மயூர்பஞ்ச் மாவட்டம் முழுவதும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி. அதன் மக்களவைத் தொகுதி பழங்குடியினருக்குரியது. காரோ மலை ஆறாம் அட்டவணைப் பகுதி. தன்னாட்சி மாவட்டக் குழு உண்டு. துராவும் இன்று தனித்தொகுதியே. சேர்வராயன் மலைக்கு இவை எவையும் இல்லை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே 1996ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், கிராம சபைக்கு நிலத்தின் மீதும் வனப்பொருள் மீதும் அளிக்கும் உரிமைகள் மாரமங்கலத்துக்குப் பொருந்தா. சேலத்தில் பழங்குடியினராகக் கொள்ளப்படும் மலையாளி, ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அப்பட்டியலுக்கு வெளியே நிற்கும் விந்தையும் உண்டு. முர்முவும் சங்மாவும் தம் ஆற்றலால் ஏறினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏணியின் கீழ்ப்படிகள் அங்கே இருந்தன. இங்கே சட்டமன்றம் என்னும் ஒரே படி. அதற்கு மேல் அந்தரம்.

சிலப்பதிகாரத்தில் குன்றக் குரவர் சேரன் செங்குட்டுவனிடம் மலைவளப் பொருள்களைச் சுமந்து வந்து, வேங்கை மர நிழலில் நின்ற பெண்ணின் செய்தியைக் கூறுகின்றனர். அரசவைக்கு மலையின் குரல் சென்றுசேர்ந்த அரிய தருணம் அது. அச்சொல்லின் விளைவாக அரசன் இமயம்வரை படையெடுக்கிறான். கல் வருகிறது, கோயில் எழுகிறது. செய்தி சொன்ன குரவரைக் குன்றிலேயே விட்டுவிட்டுக் காப்பியம் வடதிசை நோக்கிப் போய்விடுகிறது. மலையின் சொல் தில்லியைச் சென்றடைவது ஒன்று. சொன்னவரின் வாழ்வு மாறுவது மற்றொன்று. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்க வேண்டியவர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

எனவே மாரமங்கலத்தார் கேட்க வேண்டியவை இரண்டென நமக்குத் தோன்றுகிறது. ஒன்று அரசிடம்: ஐந்தாம் அட்டவணையின் பாதுகாப்பைத் தமிழக மலைகளுக்கு வழங்கத் தடை என்ன? மற்றொன்று கட்சிகளிடம்: சங்மாவுக்கும் முர்முவுக்கும் பழங்குடியினர் என்று சொல்லி வாக்களித்தீர்கள், ஒரு மலையாளியைக் கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ பொதுத் தொகுதியில் நிறுத்த உங்களுக்கு எப்போது மனம் வரும்? முதல் கேள்விக்கு ஆணை வேண்டும். இரண்டாவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. வேட்பாளர் பட்டியலில் ஒரு பெயர் போதும்.