எரிந்த சேனையில் பெய்யும் மழை

இலங்கையின் சீதோஷ்ணத்தைப் பற்றி உல்லாசப் பிரயாணிகளுக்காக எழுதப்படும் கைநூல்களில் நுவரெலியாவின் நித்திய வசந்தம் ஒரு பத்தியையேனும் பெறாமற் போவதில்லை. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையில், கித்துல்கலையைக் கடந்தபின் கணவாயில் அமர்ந்திருக்கும் கினிகத்தேனையோ, மழைக்கு ஒதுங்கித் தேநீர் பருகிய இடமாக மட்டுமே அவர்களுடைய ஞாபகத்தில் தங்குகிறது. தீப்பற்றிய சேனை என்று பொருள்படும் சிங்களப் பெயர் இவ்வூருக்கு வாய்த்தது வேடிக்கைதான். தீவிலேயே மிகுதியாக மழை பெறும் பிரதேசங்களுள் ஒன்று இது. அண்டையிலுள்ள வட்டவளையில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 200 அங்குலம், பொழிகிறது. நுவரெலியா பெறுவது அதில் பாதிக்கும் குறைவு.

அந்த நுவரெலியாவின் கீர்த்தியும் தானாக வளர்ந்ததன்று. கரையோரத்தின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் வாடிய வெள்ளைக்காரர்கள் தேகசுகம் பெறும் ஸ்தலமாக அதனை 1820களின் இறுதியில் ஆக்கியவர் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ். காய்ச்சலிலிருந்து அங்கே தேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், 1848இல் திரும்பி வந்து பண்ணையே அமைத்தார்.

கினிகத்தேனைக்கு மழை வரும் வழி வேறு. வைகாசியில் சமுத்திரத்திலிருந்து புறப்படும் தென்மேற்குக் காற்று, மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, தன் பாரத்தையெல்லாம் கினிகத்தேனைப் பக்கத்தில் இறக்கிவிட்டு, மலை தாண்டி ஊவாவில் இறங்குகையில் வறண்ட கச்சான் காற்றாகிவிடுகிறது. மலையின் ஒரு புறத்தில் வெள்ளம், மறுபுறத்தில் புழுதி. ஆடி ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித்தரும் தனி மணம் அந்த வறட்சியின் கொடை. மேற்குச் சரிவுக்கு அம்மாதங்களில் அந்தப் பெருமை இல்லை. இங்கே மழை தருவது கொழுந்தின் அளவையே.

தேயிலைக்கு முன் இங்கே பயிரிடப்பட்ட, பூப்பதற்கு வறண்ட சில வாரங்களை வேண்டும் கோப்பிக்கு இந்த ஈரம் ஒருபோதும் உகந்ததன்று. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அடியோடு அழித்தபின், இலையையே விளைவாகத் தரும் தேயிலை இச்சரிவுகளை ஆட்கொண்டது.

விடியலில் தப்பு முழங்கத் தேயிலைத் தோட்டங்களின் பெரட்டுக் களத்தில் கூடிய தொழிலாளப் பெண்கள், இடுப்பில் படங்கும் தலையில் கம்பளியுமாக மலைக்கு ஏறினார்கள். அந்தக் கம்பளியைத் துரைமார் இனாமாக அளித்ததாக எண்ணிவிட வேண்டாம். அதன் விலை கணக்கில் ஏறிச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. நனைந்தால் சுமையாகிவிடும் அதன் கீழ், காலில் ஏறும் அட்டைகளைச் சவர்க்காரத்தாலும் சுண்ணாம்பாலும் தடுத்துக்கொண்டு பறித்த கொழுந்தை நிறுக்கும்போது, ஈரத்துக்கென்று சில இறாத்தல்கள் கழிக்கப்படுவதும் வழக்கம். வானம் தந்த தண்ணீருக்கும் அவர்களே ஈடு செலுத்தினார்கள் என்பது என் கணக்கு.

இவ்வளவு நீரும் வீணே சரிந்து களனி கங்கையில் கலக்கின்றதே என்று ஒருவர் மட்டும் கணக்கிட்டார். பொறியியலாளர் விமலசுரேந்திர, கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் பள்ளங்களில் பாயும் வேகத்தை மின்சாரமாக்கலாம் என்று 1918இல் விரிவான கட்டுரை வாசித்தார். அன்றைய அரசாங்கம் பல காலம் தயங்கியது. நோட்டன் பிரிட்ஜில் அணை எழும்பி, லக்ஷபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியபோது அவர் முதியவராகிவிட்டிருந்தார்.

அந்த மின்சாரம் கம்பிகளில் ஏறிக் கொழும்புக்குப் போயிற்று. அக்கம்பிகள் கடந்து சென்ற தோட்டங்களின் எத்தனையோ லயங்களில், அதற்குப் பின்னும் பல தசாப்தங்கள், பிள்ளைகள் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றி அமர்ந்து, கூரைத் தகரத்தில் விழும் மழையை மீறிக் கேட்கும்படி உரக்கப் பாடம் படித்தார்கள்.