மசாஜிலிருந்து இயன்முறை மருத்துவத்துக்கு

தசைகளைக் கைகளால் உருவியும் பிசைந்தும் வலியைத் தணிக்கும் மசாஜ் சிகிச்சை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பரவலாக இருந்தது. அப்பணியைப் பெரும்பாலும் செவிலியரே செய்தனர். அதே காலத்தில் லண்டனில் சில மசாஜ் நிலையங்கள் பாலியல் தொழிலுக்கு மறைவிடமாக இருந்தன. 1894இல் பிரித்தானிய மருத்துவ இதழ் இதைக் கண்டித்து எழுதியது. இதனால் முறையாகப் பயின்ற செவிலியரின் நற்பெயரும் பிழைப்பும் கேள்விக்குள்ளாயின.

அதே ஆண்டில் லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் ஆகிய நால்வர் பயிற்சி பெற்ற மசாஜ் மகளிர் சங்கத்தைத் தொடங்கினர். மருத்துவரின் பரிந்துரையின்றி மசாஜ் செய்யக்கூடாது, மருத்துவ இதழ்கள் தவிர வேறெதிலும் விளம்பரம் செய்யக்கூடாது, நோயாளிகளுக்கு மருந்து விற்கக்கூடாது என அச்சங்கம் விதி வகுத்தது. தேர்வு நடத்திச் சான்றிதழும் வழங்கியது.

முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கப் பயிற்சி பெற்றவர்கள் பெருமளவில் தேவைப்பட்டனர். இது இத்தொழிலின் மதிப்பை உயர்த்தியது. 1920இல் சங்கம் அரச சாசனம் பெற்றது, ஆண்களும் உறுப்பினராயினர். உடற்பயிற்சி, மின்சிகிச்சை ஆகியவையும் பாடமாக இருந்ததால், 1944இல் பெயரிலிருந்து மசாஜ் நீங்கி, இயன்முறை மருத்துவம் இடம்பெற்றது.

இம்மாற்றம் சிகிச்சையிலும் தெரிகிறது. கீழ்முதுகு வலிக்கு மசாஜைத் தனியாக அல்லாமல், உடற்பயிற்சி அடங்கிய சிகிச்சையின் பகுதியாகவே அளிக்கலாம் என்று இங்கிலாந்தின் 2016ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி பரிந்துரைக்கிறது. மசாஜ் வலியைச் சிறிது காலம் தணிக்கலாம்; நாள்பட்ட வலியோடு வாழ்பவர் மீண்டும் இயங்கப் பயிற்சியும் தேவை.