வன்கண் என்னும் சொல்

கண் என்பதை ஈறாகக்கொண்டு உள்ளத்தியல்பை உணர்த்தும் சொற்கள் தமிழிற் சில உள. புன்கண் துன்பத்தையும் தறுகண் அஞ்சாமையையும் குறிக்கும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதத்திற்குரிய நிலைக்களன்களுள் தறுகணை வைத்தலின் அது புகழ்ச்சொல்லாதல் தெளிவு. வன்கண் என்பதோ அங்ஙனம் ஒரு நிலையில் நிற்பதன்று.

இற்றை வழக்கில் வன்கண்ணன் என்பான் இரக்கமற்றவன். இப்பொருளொன்றையே உட்கொண்டு திருக்குறளைப் பயிலும் மாணவர் அமைச்சு அதிகாரத்தில் இடர்ப்படுவர். 632-ஆம் குறள் அமைச்சனுக்குரியனவாக எண்ணும் ஐந்தனுள் முதலாவது வன்கண். அதனையடுத்து நிற்பது குடிகாத்தல். இரக்கமற்றவன் குடிகாப்பது எங்ஙனம்? ஆண்டு அச்சொல் வினையிடத்துத் தளராமையையே குறிக்கின்றது. தூதனுக்கும் (689) படைக்கும் (762, 764) அஃது ஏற்றமாகவே கூறப்படுகின்றது. 1027-ஆம் குறளில், குடியின் பொறையைத் தாங்குவார்க்குப் போர்க்களத்து வன்கண்ணரே உவமையாகின்றனர்.

அறத்துப்பாலுக்கு வந்தால் நிலை மாறுகின்றது. ஈந்து மகிழ்தலை அறியாது பொருளை வைத்து இழப்பார் வன்கணவர் (228). துறந்தார்போல் நடித்து வஞ்சிப்பாரும் அவரே (276). 13-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் பரிமேலழகர், ஈகையதிகாரத்தில் அருளில்லாமை என்றும், தூது அதிகாரத்தில் திண்மை என்றும் இடம்நோக்கிப் பொருள் உரைக்கின்றார்.

இதுகொண்டு வன்கண் என இருவேறு சொற்கள் உண்டெனக் கொள்ளுதல் வேண்டா என்பதே எம் கருத்து. நெகிழாமை என்னும் பொருள் இரண்டிடத்தும் ஒன்றே. எதன்முன் நெகிழவில்லை என்பதே வேறுபாடு. தூதன் தனக்கு வரும் கேட்டின்முன் நெகிழான். உலோபி பிறனது வறுமையின்முன் நெகிழான்.

காமத்துப்பாலில் தலைவனைச் சுட்டும்போது இச்சொல் பழியாகவே வருகின்றது. பிரிவைத் தானே எடுத்துரைக்க வல்லனாயினமையின் அவன் வன்கண்ணன் (1156). மாலைப்பொழுதை நோக்கி, உன் துணையும் அத்தகையதோ எனத் தலைவி வினவுதலும் உண்டு (1222). ஆயின் 1198-ஆம் குறளை இவற்றோடு ஒருங்குவைத்தல் பொருந்தாது. காதலரிடமிருந்து இன்சொல் ஒன்றும் வாராதிருக்கவும் உயிர்வாழ்வாரினும் வன்கணார் இலர் என்னும்போது, அவள் சுட்டுவது தன்னையே. துன்பத்தைத் தாங்கி நிற்றலால், தளர்ந்த நிலையிலும் ஊறஞ்சாத தொல்படையின் உறுதி அவளிடத்துக் காணப்படுகின்றது. இத்துணைக்கும் இறந்துபடவில்லையே எனத் தன்னைத்தானே நொந்துகொள்ளுதலால் பழிப்பும் உடன்நிற்கின்றது. புதிய பதவுரைகள் ஈண்டுக் கொடியர் என்றேனும் உறுதியுடையர் என்றேனும் ஒன்றைத் தேர்ந்தெழுதின் பொருளிற் பாதி போய்விடும்; வன்கண்மையுடையார் என்றே எழுதி, இருபொருளையும் விளக்கவுரையிற் காட்டுதல் தகும்.