கரிசலில் உருண்ட சக்கரங்கள்

கரிசல் காட்டு வண்டிகளின் கதையைச் சக்கரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். என் அப்பா கட்டை வண்டிக்குச் சக்கரம் செய்த தச்சர். நான் கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் சரக்கு வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். "அண்ணாச்சி, பேட்டரி வண்டி நம்ம காட்டுக்கு ஆகுமா?" என்று விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் இப்போது கேட்டு வருகிறார்கள். பதில் சொல்ல அப்பாவின் பட்டறை வரைக்கும் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இந்தக் கரிசல் மண்ணில் ஏறத்தாழ பாதி களி. தண்ணீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வருசத்துக்கு 700 மில்லிமீட்டர் சொச்சம் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அந்த நாட்களில் மேலே பொருக்கு கட்டியிருக்கும், கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். செருப்போடு எவரும் காட்டுக்குள் நடக்க மாட்டார்கள். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட தரையில் ஓடியது கட்டை வண்டி. ஆரக்காலும் வட்டையும் கருவேல மரம். வட்டைத் துண்டுகளைப் பூட்டிச் சக்கரம் முழுசானதும் பட்டை போடும் நாள் வரும். இரும்புப் பட்டையின் சுற்றளவு மரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, பட்டை சிவந்ததும் நாலு பேர் குறட்டால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் குப்பென்று பற்றும். உடனே வாளி வாளியாகத் தண்ணீர். இரும்பு சுருங்கச் சுருங்க, ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் முறுகி இறுகும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் சரியாக இல்லையென்றால் அப்பா முகம் சுளிப்பார்.

அந்தச் சக்கரம் ஆளின் நெஞ்சு உயரம், மூன்று விரல் அகலம். உயரமாக இருந்ததால் வெடிப்பிலும் பள்ளத்திலும் விழாமல் தாண்டியது. ஒடுக்கமாக இருந்ததால் மேல் சகதியைக் கிழித்து அடியில் உள்ள இறுகிய மண்ணைத் தொட்டது. ஆரக்கால்களுக்கு நடுவே திறப்பாக இருந்ததால் ஒட்டிய மண் தானாக உதிர்ந்தது. இதை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகச் சகதியில் இறங்கித் தெரிந்துகொண்டது.

விவசாயமும் மண்ணுக்குப் பணிந்தே நடந்தது. கருங்கண்ணிப் பருத்தியைப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் மாசி, பங்குனியில்தான் எடுப்பு. பாரம் ஏறும் மாதத்தில் பாதை காய்ந்திருக்கும். மதுரை – தூத்துக்குடி ரயில் 1876-இல் வரும் வரைக்கும் பொதிகள் துறைமுகத்துக்கு வண்டியிலேயே போயின. பிறகு வண்டிகள் ஸ்டேஷனோடு நின்றன. இன்று லாயல் மில் என்று சொல்கிற நூற்பாலை 1891-இல் கோவில்பட்டியில் வந்தது. 1901-இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். மில் வாசலுக்கும் காட்டுக்கும் நடுவே இருந்த தூரம் மட்டும் மாட்டின் கழுத்திலேயே தொங்கியது.

டயர் வண்டி வந்தபோது தார் ரோட்டில் அதே ஜோடி மாடு கூடுதல் பாரம் இழுத்தது, ரோடும் அறுபடவில்லை. ஆனால் மழைக்காலத்தில் காட்டுக்குள் போன டயர் வண்டியைக் கட்டை வண்டி மாட்டைப் பூட்டி இழுத்து வந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. டிராக்டர் தன் பெரிய பின்சக்கரத்தால் தப்பித்தது. 2005-இல் டாடா ஏஸ் வந்தது, நம் ஜனங்களின் குட்டி யானை. 702 சிசி, இரண்டு சிலிண்டர், முக்கால் டன் பாரம். சந்தைக்கும் மில்லுக்கும் சரக்கு கொண்டுபோன வண்டிகளையெல்லாம் அது ஓரங்கட்டியது. ஆனால் அதன் சக்கரம் 12 அங்குலம். மட்கார்டுக்குள் கரிசல் மண் அடைத்தால் சக்கரமே சுற்றாது. டிரைவர் கிளட்சைப் பாதி மிதித்து ஆக்சிலேட்டரை அழுத்துவார், தட்டு கருகும். கார்த்திகையில் என் பட்டறைக்கு வருகிற வேலையில் பெரும்பங்கு அந்தக் கருகல் நாற்றம்தான்.

2022-இல் ஏஸ் மின்சாரத்தில் வந்தபோது முதலில் என் கண் போனது முறுக்குவிசைக்கு. பழைய டீசல் ஏஸில் 40 நியூட்டன் மீட்டர்கூடக் கிடையாது, இதில் 130. அதுவும் சக்கரம் நின்ற நிலையிலேயே முழுசாகக் கிடைக்கும். கருக கிளட்சே இல்லை. வரப்பு ஏற வேண்டுமா, அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். ஓடையில் தண்ணீர் போனாலும் காற்றை உறிஞ்சும் எஞ்சின் இல்லாததால் மூச்சடைத்து நிற்காது. அமெரிக்காவில் 2021-இல் வந்த ரிவியன் ஆர்1டி என்ற மின்சார வண்டி நாலு சக்கரத்துக்கும் நாலு மோட்டார் வைத்து, மூன்றடித் தண்ணீரில் போகிறது. பாறையிலும் மேட்டிலும் அந்த வண்டி நன்றாக ஏறும். சாத்தான்குளம் தேரிக்காட்டுச் செம்மணலில் டயர்க் காற்றைக் குறைத்துவிட்டு அப்படியொரு வண்டியை ஓட்டினால் நன்றாகவே போகும் என்று நம்புகிறேன்.

கரிசல் வேறு. இங்கே வண்டி நிற்பது இழுவை போதாமல் அல்ல, பிடிமானம் போய்விடுவதால். டயரின் வெட்டுகளில் புட்டுக் குழலில் மாவு திணித்த மாதிரி மண் ஏறிவிட்டால் 130 என்ன, 1,300 இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே குழி தோண்டும். அதற்கு மேல் எடை. ரிவியன் மூன்று டன்னைத் தாண்டும். ஏஸ் மின் வண்டியிலும் பேட்டரிப் பாரம் சரக்கைத் தின்றது: முதலில் 600 கிலோதான் ஏற்றலாம் என்றார்கள், 2024-இல்தான் ஒரு டன் ஏற்றும் வண்டி வந்தது. தை பிறந்து தடம் காய்ந்ததும் இன்னொரு தொல்லை. சக்கரப் பள்ளங்களுக்கு நடுவே மேடு இறுகி நிற்கும். அது வண்டியின் அடியை உரசும். அங்கே இருக்கிற விலை உயர்ந்த பொருளே பேட்டரிதான்.

மின்சாரம் ஏற்றுவதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. 21.3 யூனிட் பேட்டரி, ராத்திரி வீட்டில் மாட்டினால் விடியும்போது நிறையும். 154 கிலோமீட்டர் என்று சான்று. பாரத்தோடு காட்டுத் தடத்தில் அது வெகுவாகக் குறைந்தாலும் விளாத்திகுளம் போய்த் திரும்பலாம்.

ஆகவே கேட்டு வருகிறவரிடம் நான் சொல்வது: "கமிஷன் கடைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் ஓட்டணும்னா தாராளமா வாங்குங்க அண்ணாச்சி. மழைக்காட்டுல உளுந்து மூட்டை எடுக்க இன்னும் டிராக்டர்தான்." ஆனால் இந்தப் பதில் எனக்கே போதவில்லை. இப்போது கருங்கண்ணி குறைந்துவிட்டது. உளுந்தும் பாசியும் மார்கழியிலேயே காட்டிலிருந்து வெளியேற வேண்டும், மழை விடாவிட்டாலும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த அவதியைக் கண்ணால் பார்த்தோம். தூத்துக்குடி சிலாநத்தத்தில் 2025 ஆகஸ்டு முதல் வின்ஃபாஸ்ட் கம்பெனி மின்சாரக் கார் செய்கிறது. நம் மாவட்டத்திலேயே இந்த வேலை தெரிந்த கைகள் வந்துவிட்டன. சரக்கு வண்டி செய்ய நினைக்கிற கம்பெனி எதுவானாலும் உயரமான ஒடுக்கச் சக்கரம், கையாலே கழற்றி வைக்கிற மட்கார்டு, அடியில் தொங்காமல் மேலே தூக்கிக் கட்டிய பேட்டரி, அரை டன் பாரம் என்று ஒன்றைச் செய்து, கார்த்திகை மழையில் நாகலாபுரம் பக்கத்து வண்டிப்பாதையில் ஓட்டிப் பார்க்கட்டும். தடம் காட்ட நான் வருகிறேன்.