உழவர் அழைப்பு மையம்

உழவர் அழைப்பு மையம் (கிசான் கால் சென்டர்) இந்திய வேளாண் அமைச்சகத்தால் 2004 ஜனவரி 21 அன்று தொடங்கப்பட்டது. அதற்கு முன், தூர்தர்ஷனின் 'வயலும் வாழ்வும்' சொல்வதை உழவர் கேட்டுக்கொள்ளலாம். உடனே திருப்பிக் கேட்க வழியில்லை. இப்போது ஏரிப்பாசன நெல் விளையும் உத்திரமேரூர்ப் பகுதியிலிருந்தும் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். எடுப்பவர் வேளாண் கல்வி பெற்றவர். தம்மால் இயலாதபோது வல்லுநரை இணைப்பார்.

இச்சேவையின் உயிர் எதிர்க்கேள்வியில் இருக்கிறது. "பயிர் மஞ்சள் பாய்ந்திருக்கு" என்று ஒருவர் சொன்னால், அடி இலையா, இளம் இலையா, நட்டு எத்தனை நாள், தத்துப்பூச்சி தென்படுகிறதா என்று கேட்க வேண்டும். அப்போதுதான் தழைச்சத்துக் குறையா, துங்ரோ நச்சுயிரி நோயா என்பது பிடிபடும். கேட்காமல் யூரியா போடச் சொன்னால், துங்ரோ தாக்கிய வயலில் உரச்செலவு வீண். நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த வேண்டிய நாள்களும் கடந்துவிடும். மரியாதையாகப் பேசினார் என்ற மனநிறைவு அந்த வயலைக் காப்பாற்றாது.

2023 செப்டம்பரில் 'கிசான் இ-மித்ரா' என்னும் உரையாடல் மென்பொருள் வந்தது. பி.எம். கிசான் உதவித்தொகை பற்றிய ஐயங்களுக்கு அது தமிழிலும் விடையளிக்கிறது. தவணை வந்ததா என்பதற்கு எதிர்க்கேள்வி அதிகம் தேவைப்படாது. இயந்திரம் அங்கிருந்து தொடங்கியது பொருத்தமே.